எட்டு மணிக்கு உயரும் கை

அடிபட்டவர்களை மறுபடி வேலைக்கு அனுப்புவது என் பிழைப்பு. அனுப்புவதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போடுவார். நான் முதலாளியிடம் பேசுவேன். எத்தனை கிலோ தூக்கலாம், எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று ஒரு தாள் எழுதிக் கொடுப்பேன். ஆள் போய்விடுவார். போனவர் அங்கேயே நிலைக்க வேண்டுமே, அதில்தான் என் உயிர் போகிறது. பத்தொன்பது வருஷமாக இதே மருத்துவமனை, இதே நாற்காலி. இப்போதெல்லாம் போன் அடித்தாலே, யார் வேலையை விட்டார்கள் என்றுதான் மனசு முதலில் கேட்கிறது.

நவம்பர் கடைசி வாரம், திங்கட்கிழமை. கரண்டி ஃபேக்டரியிலிருந்து ஃபோர்மேன் ஹசேபே கூப்பிட்டார்.

"முராகோஷி-சான், உங்க ஆளு நல்லா நாடகம் போடுறான்."

"எந்த ஆளு?"

"எந்த ஆளா? இகராஷிதான். காலையில எட்டு மணிக்கு ஜம்முனு இருக்கான். பத்து மணி ஆனா நோயாளி ஆயிடறான். மத்தவங்க எல்லாம் கேணையா? நாளைக்கு எட்டு மணிக்கு முன்னாடி வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

இகராஷிக்கு ஐம்பத்து நாலு வயது. முப்பத்தொரு வருஷமாக அந்த ஒரே ஃபேக்டரியில் எவர்சில்வர் கரண்டி அடிக்கிறவர். போன ஜனவரியில் பிரஸ் மெஷினின் இரும்பு அச்சு சங்கிலியிலிருந்து நழுவியபோது, பக்கத்தில் நின்றவரின் காலில் விழாமல் இருக்கட்டும் என்று வலது கையால் எட்டிப் பிடித்தார். அந்தக் கால் பிழைத்தது. இவருடைய தோளில் தசைநார் கிழிந்தது. ஆபரேஷன், அப்புறம் எட்டு மாதம் வீடு. நான் முதன்முதலில் அவரைப் படுக்கையில் பார்த்தபோது, வலிக்கிறதா, கை சரியாகுமா என்று எதுவும் கேட்கவில்லை. "மறுபடி அங்க போக முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் வாயைத் திறந்தால்தானே! சரியான கல்லுளிமங்கன்.

அக்டோபரில் அவரை உள்ளே அனுப்பினேன். மூன்று மாதத்துக்கு பிரஸ் பக்கம் போகக் கூடாது, உட்கார்ந்து கரண்டியில் கீறல் பார்க்கும் பரிசோதனை மேஜையில்தான் வேலை, மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, வலது கை நெஞ்சுக்கு மேலே போகக் கூடாது. இதையெல்லாம் தாளில் எழுதி, முதலாளி குவாபாராவுக்கும் ஹசேபேவுக்கும் வரி வரியாகப் படித்துக் காட்டி, இருவரிடமும் சம்மத முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பனியும் மழையுமாகக் கலந்து கொட்டியது. வைப்பர் இழுத்து இழுத்துத் துடைக்க, ஏழு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு ஷெட்டுகளுக்கு நடுவே கூரை போட்ட இடத்தில் நாற்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எட்டு அடித்ததும் ஒலிபெருக்கியில் உடற்பயிற்சிப் பியானோ ஆரம்பித்தது. எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம், ஆபீஸ், ஃபேக்டரி எங்கும் காலையில் ஒலிக்கும் இசை அது; கேட்டால் தூக்கத்தில்கூடக் கை எழும்பும். ஆறு வயதிலிருந்து ஊறிய பழக்கம். ஹசேபே ஒரு மரப்பெட்டி மேல் ஏறி, எல்லோரையும் பார்த்தபடி "ஒன்னு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார்.

இகராஷி கடைசி வரிசையில் நின்றார். இரண்டு கையும் காதோடு ஒட்டி நேராக மேலே போயின.

அந்தத் தோளை நான் ஸ்கேனில் பார்த்திருக்கிறேன். பிசியோதெரபியில் அதை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவருவதற்குள் பயிற்சி கொடுக்கும் பெண் கெஞ்சிக் கூத்தாட வேண்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். கை தானாக எழும்பவில்லை. உடம்பை இடது பக்கம் சாய்த்து, தோளைக் காதுவரை தூக்கி, வீச்சோடு வீச்சாக அதை எறிந்துகொண்டிருந்தார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அழகான உடற்பயிற்சி.

முடிந்ததும் ஹசேபே பெட்டியிலிருந்து குதித்து என்னிடம் வந்தார். "பாத்தீங்கல்ல? கை வானத்துக்குப் போகுது. உங்க தாளுல நெஞ்சு வரைக்கும்னு எழுதியிருக்கு. எதை நம்பறது? அதான் போன வாரம் ரெண்டு நாள் அச்சு தூக்க விட்டேன். நல்லாத்தானே இருக்கான்னு."

"அச்சா? எத்தனை கிலோ?"

"பன்னிரண்டு இருக்கும். தூக்கினானே! மதியத்துக்கு மேல மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டான்."

அங்கேயே நின்றிருந்தால் கத்தியிருப்பேன். இகராஷியைக் கூட்டிக்கொண்டு காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் போனேன். காசு போட்டுச் சூடான டப்பா காப்பி இரண்டு எடுத்து ஒன்றை நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"அந்தக் கை எப்படி மேல போச்சு?"

"போகுதுங்க."

"போகாது. யார்கிட்ட கதை விடறீங்க?"

அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு நிமிஷம் என்று பிடுங்க வேண்டியிருந்தது. தினமும் ஏழு முப்பத்தைந்துக்குக் காரிலேயே வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொள்வாராம். எட்டு மணிக்குச் சரியாக மரத்துப் போகுமாம். பத்து மணிக்கு மருந்தின் வேகம் விட்டுவிடுமாம். அதற்கப்புறம் ஒரு கரண்டியைத் திருப்பவே உயிர் போய் உயிர் வருமாம். சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள்கிறாராம், மனைவி சாயோகோ பக்கத்தில் நின்று எண்ணுவாளாம்.

"எதுக்குங்க இந்தக் கூத்து?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"எல்லாரும் தூக்கறாங்களே."

"தூக்கட்டும். அதுக்கு?"

"எட்டு மாசம் என் வேலையையும் சேத்து அவங்கதான் செஞ்சாங்க. இப்பவும் நான் உக்காந்துட்டு இருக்கேன், அவங்க தூக்கறாங்க. காலையில ஒரு மூணு நிமிஷமாவது அவங்களை மாதிரி நிக்கலாமேன்னு. அதுலயும் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா என்ன நினைப்பாங்க?"

"இப்ப என்ன நினைக்கறாங்கன்னு தெரியுமா? நாடகம் போடறீங்கன்னு நினைக்கறாங்க!"

"தெரியும்."

தெரியுமாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவரை நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் எழுதிய தாளில் எல்லாம் இருந்தது. கிலோ, மணி, உயரம், மேஜை, நாற்காலி, ஓய்வு நேரம், கழிப்பறைக்குப் போகும் படிக்கட்டுகூட இருந்தது. ஆனால் அது எட்டே காலுக்குத்தான் ஆரம்பித்தது. எட்டு மணி உடற்பயிற்சி அதில் இல்லை. அது எங்களுக்கு ஒரு வேலையாகவே தோன்றுவதில்லையே! மூச்சு விடலாமா கூடாதா என்று யாராவது தாளில் எழுதுவார்களா? என் மருத்துவமனையிலும் தினமும் அதே பியானோவுக்கு அதே கையைத் தூக்கிவிட்டுத்தான் நான் நாற்காலியில் உட்காருகிறேன். பத்தொன்பது வருஷம் தூக்கியிருக்கிறேன், ஒரு நாள் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

"முதலாளிகிட்ட மாத்திரை விஷயத்தைச் சொல்லிடாதீங்க" என்றார் இகராஷி. "உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவர் சம்மதம் இல்லாமல் நான் சொல்லவும் முடியாது. அது என் வேலையின் சட்டம்.

ஆபீசில் குவாபாரா மண்ணெண்ணெய் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. அப்பா செத்த மறுநாளே ஃபேக்டரி தலையில் விழுந்ததில் நாற்பது வயதுக்குள் முடி நரைத்தவர். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்து வைத்தார். மேலே தூரிகைப் பேனாவால் 'ராஜினாமா விண்ணப்பம்' என்று எழுதியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல். இடது கையால் எழுதியிருக்கிறார்.

"போன வாரம் குடுத்தாரு. நான் இன்னும் பிரிக்கலை" என்றார் குவாபாரா. "ஆளுங்க முணுமுணுக்கறாங்க முராகோஷி-சான். எனக்கு அவரை அனுப்பணும்னு ஆசையா? ஆனா நல்லா இருந்தா வேலை செய்யட்டும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். ரெண்டுங்கெட்டானா இருந்தா நான் நாற்பது பேருக்கு என்ன பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை மாசக் கடைசி. அன்னிக்கு இதைப் பிரிச்சுடுவேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பிரிக்காதீங்க, போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு கடையோரம் காரை நிறுத்தி, வாங்கிய சோற்று உருண்டையைத் தின்னக்கூடப் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கவரைப் பிரித்துவிட்டால் கதை முடிந்தது. ஐம்பத்து நாலு வயதில், ஒரு கை வராத பிரஸ்காரரை இந்த ஊரில் வேறு யார் எடுத்துக்கொள்வார்கள்? கடைசியில் வீட்டில் ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான். அந்த எட்டு மாதம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்று சாயோகோ சொல்லியிருக்கிறாள். காலையில் ஏழு மணிக்கு ஃபேக்டரி உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்காருவாராம்.

வியாழக்கிழமை அவர் பிசியோதெரபிக்கு வந்தார். முடிந்ததும் பிடித்து உட்காரவைத்தேன்.

"நாளைக்கு மாத்திரை போடாதீங்க. கை எவ்வளவு வருதோ அவ்வளவுதான் தூக்கணும். வீசக் கூடாது, சாயக் கூடாது. நான் சொல்ல முடியாததை அந்தக் கையே சொல்லிடும்."

"அசிங்கம்ங்க."

"வேலை போறது அசிங்கமில்லையா?"

நான் வேறு வேலை இருப்பது போலத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"வேலை போறது ஒரு நாள் அசிங்கம்" என்றார் கடைசியில். "இது தினமும்."

அவர் சொன்னது நியாயம்தான். அடிபட்டவர்களை உள்ளே அனுப்பிவிட்டு நான் வந்துவிடுகிறேன். அங்கே தினமும் நிற்கிறவர் அவர்தானே.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. குவாபாராவும் நானும் ஷெட் ஓரமாக நின்றோம். இகராஷி வருவாரா என்பதே எனக்குச் சந்தேகம். வந்தார். கடைசி வரிசையில் அதே இடத்தில் நின்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பியானோ ஆரம்பித்தது. நாற்பது ஜோடிக் கை மேலே போனது. இகராஷியின் இடது கை போனது. வலது கை நெஞ்சு வரை வந்து நின்றது. அவர் அதை வீசவில்லை. இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி அதே இடம்.

முன்னால் நின்றவர்களுக்கு எதுவும் தெரியாது. எதிரே பெட்டி மேல் நின்ற ஹசேபேவுக்குத் தெரிந்தது. "ஒன்னு, ரெண்டு, மூணு" என்றவர் நிறுத்திவிட்டார். பியானோ மட்டும் தனியாக ஓடியது. எண்ணும் குரல் காணாமல் போனதும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். இகராஷியின் காது நுனிவரை சிவந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. குனிய வேண்டிய இடத்தில் குனிந்தார், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினார், கடைசி மூச்சுப் பயிற்சி வரை செய்து முடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஹசேபே வரிசைகளைப் பிளந்துகொண்டு போனார். இருவரும் ஒரே வருஷம், ஒரே நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்த உரிமையில் அவருக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"டேய்! அறிவிருக்கா உனக்கு? இவ்வளவுதான் வருமா? இவ்வளவுதானா?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாளா?"

"மாத்திரை."

"போன வாரம் அச்சைத் தூக்குடான்னு நான்தானே சொன்னேன்? பன்னிரண்டு கிலோடா! முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில என்ன ஒட்டிக்கிற மோச்சி அரிசி உருண்டையா வெச்சிருந்தே?"

"மன்னிச்சிடு" என்று இகராஷி இடுப்பு வரை குனிந்தார்.

"நீ எதுக்குடா மன்னிப்பு கேக்கறே, மடையா!" ஹசேபேவின் குரல் உடைந்துவிட்டது. தொப்பியைக் கழற்றித் தன் தொடையிலேயே நாலு அடி அடித்துக்கொண்டு, மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷினிடம் போய் அதைத் திட்ட ஆரம்பித்தார்.

குவாபாரா ஆபீசுக்குப் போய்க் கவரைக் கொண்டுவந்தார். பிரிக்கவில்லை. "இது உங்க சொத்து. நீங்களே வெச்சுக்குங்க" என்று இகராஷியின் கையில் கொடுத்தார். இகராஷி அதைக் கிழிக்கவில்லை. மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்தோம். தையலில் ஒரு ஓரம் விட்டிருந்தது. மறுபடி வெட்டத் தேவையில்லை, ஆனால் பிரஸ் மெஷின் இனி ஜென்மத்துக்கும் கிடையாது என்றார் டாக்டர். பரிசோதனை மேஜையே நிரந்தரம் என்று குவாபாரா ஒப்புக்கொண்டார். நான் புதுத் தாள் எழுதினேன். முதல் வரி: காலை 8.00, உடற்பயிற்சி, வலது கை நெஞ்சு வரை. குவாபாரா, ஹசேபே, இகராஷி மூன்று பேரும் முத்திரை குத்தினார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூங்கினேன்.

திங்கட்கிழமை எட்டு பத்துக்குப் போன் அடித்தது. ஹசேபே.

"ஆளைக் காணோம்."

"யாரை?"

"முப்பத்தொரு வருஷத்துல அவன் ஒரு நாள் பியானோவுக்கு லேட்டா வந்தது கிடையாது. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நான் என்னத்தச் சொல்லப் போறேன்? இருங்க."

சாயோகோவுக்கு அடித்தேன். வழக்கம்போல ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாராம். மேல்சட்டைப் பையில் அந்தக் கவர் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மறுபடி ஹசேபேவைக் கூப்பிட்டேன்.

"கார் நிறுத்தற இடத்துல பாருங்க. கடைசி வரிசையில பாருங்க."

"ராத்திரி பெஞ்ச பனியில எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கு. வெச்சிடுங்க, போய்ப் பாக்கறேன்."

அதற்கப்புறம் போன் இல்லை. எட்டே கால். எட்டரை. என் மேஜையில் நாலு ஃபைல் காத்திருந்தது, ஒன்றையும் தொடவில்லை. கிளம்பிப் போகலாமா என்று கார் சாவியை எடுத்தேன், வைத்தேன். எத்தனை பேருக்குத்தான் ஓடுவது? போகட்டும், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், அவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

எட்டு ஐம்பதுக்கு அடித்தது.

"இருந்தான்" என்றார் ஹசேபே. மூச்சு வாங்கியது. "கார்லயே உக்காந்திருந்தான். இன்ஜினைக்கூடப் போடலை, குளிர்ல வெறைச்சுப் போய். ஒரு கையில மாத்திரைப் பட்டை. போடவும் இல்லை, கீழ வைக்கவும் இல்லை."

"கவர்? ஒரு வெள்ளைக் கவர் இருந்துச்சா?"

"பக்கத்து சீட்டுல ஏதோ இருந்துச்சு. கதவைத் திறந்து அதுமேலயே உக்காந்துட்டேன். என் பேன்ட்டு முழுக்கப் பனி, நனைஞ்சு கூழாப் போச்சு. வேற எழுதணும்னா அவனுக்கு இனி ஒரு வாரம் ஆகும், இடது கையால."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வான், அவன்தான் பேசமாட்டானே. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். அப்புறம், பியானோ முடிஞ்சு போச்சு, இனிமே எப்படி உள்ள வர்றதுன்னான். லேட்டா வந்து எல்லாரும் வேலை செய்யறப்ப நடந்து போகணுமேன்னு அதுக்கு வேற வெக்கம். என்ன ஜென்மமோ!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மெஷினை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். எல்லாரையும் வெளிய வரச் சொல்லி மறுபடி பாட்டைப் போட்டேன். ஒரே நாள்ல ரெண்டு தடவை உடற்பயிற்சி. ஆளுங்க என்னைக் கண்டபடி திட்டறாங்க. முதலாளி ஆபீஸ் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. அவரும் கையைத் தூக்கினாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"முராகோஷி-சான், இருக்கீங்களா?"

"இருக்கேன். கை?"

"நெஞ்சு வரைக்கும்தான் வந்துச்சு" என்றார் ஹசேபே. பின்னாலே மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. "போதும்ல?"

"போதும்."

"நாளைக்கும் அவ்வளவுதான் வருமா?"

"நாளைக்கும் அவ்வளவுதான்."

"சரி" என்று வைத்துவிட்டார்.